சொல்லிவிட்டுக் காத்திருப்பதா, செய்துவிட்டுச் சொல்வதா? வேலையில் முன்னேறும் வழிகள் குறித்து ஓர் ஒப்பீடு

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையிலோ, புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் யூனிட்டிலோ, மிஷன் வீதியில் ஒரு கணக்கு அலுவலகத்திலோ சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்கும் அறிவுரை, “எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, நீயாகப் பார்த்துச் செய்தால்தான் மேலே வரமுடியும்” என்பதாகும். அதே பிள்ளைகளுக்கு வேலை செய்யும் இடத்தில் மூத்தவர்கள் சொல்வது, “உனக்குச் சொல்லாத வேலையில் கை வைக்காதே” என்பதாகும். இரண்டையும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். இரண்டுமே சில இடங்களில் சரியாகவும் இருக்கின்றன. எந்த இடத்தில் எது சரி என்று பிரித்துக்காட்ட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் துணிச்சலான பிள்ளை ஒருநாள் மெமோ வாங்குகிறான். அடக்கமான பிள்ளை பத்து ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருக்கிறான்.

வேலையில் ஒரு சிக்கல் கண்ணில் பட்டால் ஊழியர் எந்த அளவுக்குத் தாமாக இயங்கலாம் என்பதை வில்லியம் ஆன்கென், டொனால்ட் வாஸ் என்ற இருவர் 1974-ஆம் ஆண்டு ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். சொல்லும்வரை காத்திருப்பது, என்ன செய்யலாம் என்று கேட்பது, வழியை முன்மொழிந்து ஒப்புதல் பெற்றுச் செய்வது, செய்துவிட்டு உடனே சொல்வது, தானாகவே செய்துவிட்டு வழக்கமான அறிக்கையில் சொல்வது ஆகியவையே அவை. முதல் இரண்டும் நடைமுறையில் காத்திருப்பில்தான் முடிகின்றன என்பதால், இங்கே அவற்றை ஒன்றாகச் சேர்த்து நான்கு வழிகளாக எடுத்துக்கொள்கிறேன். இந்த நான்கையும் மனிதர்களின் சுபாவங்களாகப் பார்ப்பதுதான் வழக்கத்தில் உள்ள தவறு. ஒரே ஆள் ஒரே நாளில் காலையில் ஒரு சிக்கலுக்கு முதல் வழியையும் மாலையில் இன்னொரு சிக்கலுக்கு மூன்றாவது வழியையும் எடுக்க வேண்டியிருக்கும். தேர்வைத் தீர்மானிப்பது அந்தச் சிக்கலின் தன்மையே என்பதுதான் என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்டில் கூலிங் வாட்டர் பம்பின் கிளாண்ட், அதாவது சுழலும் தண்டைச் சுற்றி நீர் வெளியேறாமல் அடைக்கும் பகுதி, ஒழுகுகிறது. அந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. முதல் ஆபரேட்டர் லாக் புக்கில் “கிளாண்ட் லீக், மெயின்டனன்ஸுக்குச் சொல்லப்பட்டது” என்று எழுதிவிட்டுப் போகிறார். இரண்டாமவர் லாக் புக்கைப் பின்னோக்கிப் புரட்டி, பேக்கிங்கை (கிளாண்டுக்குள் வைக்கும் அடைப்புப் பொருளை) மாற்றிய ஒவ்வொரு முறையும் பத்து நாட்களுக்குள் மறுபடி ஒழுகியிருப்பதைக் காண்கிறார். அப்படியானால் கோளாறு பேக்கிங்கில் இல்லை, தண்டின் மேலுள்ள உறையான ஷாஃப்ட் ஸ்லீவ் தேய்ந்திருக்க வேண்டும் அல்லது அலைன்மென்ட் (தண்டின் நேர்கோடு) விலகியிருக்க வேண்டும் என்று ஊகித்து, ஸ்லீவ் ஸ்டோரில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, ஷிப்ட் இன்சார்ஜுக்கு ஒரு குறிப்பு எழுதுகிறார். மூன்றாமவர் செயல்முறைக் குறிப்பில் தமக்கு அனுமதி உள்ளபடி மாற்றுக்கென வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை பம்பை ஓடவிட்டு, ஒழுகும் பம்பை நிறுத்திவிட்டு, அந்த நிமிடமே இன்சார்ஜுக்குப் போன் செய்கிறார். நான்காமவர் ஸ்பேனரை எடுத்துக் கிளாண்ட் நட்டைத் தாமே இறுக்கிவிடுகிறார். ஒழுகல் நிற்கிறது, அவருக்குப் பெருமையாகவும் இருக்கிறது. ஆனால் கிளாண்ட் பேக்கிங் என்பது சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் நீர் கசிந்தால்தான் சூடேறாமல் வேலை செய்யும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேக்கிங் கருகி, ஸ்லீவிலும் கோடு விழுந்துவிடும். சில நாட்கள் கழித்துப் பம்பு நின்றால், காரணத்தைக் கண்டுபிடிக்க லாக் புக்கில் ஒரு வரிகூட இருக்காது.

முதல் வழியை இழிவாகப் பேசுவது எளிது. ஆனால் இன்னொரு பிரிவின் பெர்மிட்டில் (எழுத்துமூல வேலை அனுமதியில்) இருக்கும் வேலை, உயர் மின்னழுத்தம், மூடிய தொட்டிக்குள் இறங்குதல் போன்றவற்றில் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் முழுமையான கடமை. அங்கே வேறு வழியைத் தேடுபவரை எந்த நல்ல நிர்வாகமும் மேலே ஏற்றாது, ஏற்றவும் கூடாது. பதவி உயர்வுக் கணக்கிலும் இந்த வழி எல்லா இடத்திலும் தோற்பதில்லை. மத்திய அரசுப் பணியில் 2008 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, பதவி உயர்வு கிடைக்காமல் தேங்கியிருப்பவருக்கும் 10, 20, 30 ஆண்டுகள் என்ற கணக்கில் ஊதிய நிலை உயர்கிறது. அங்கே பொறுமைக்கென்று ஒரு விலை உண்டு. தனியார் நிறுவனத்தில் அந்த விலை கிடையாது. அங்கே காத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு சிக்கலை இன்சார்ஜின் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். அந்த மேசையில் ஏற்கெனவே இருபது சிக்கல்கள் கிடக்கின்றன. ஆண்டு இறுதியில் அவர் பெயரைக் கேட்டதும் இன்சார்ஜுக்கு நினைவுக்கு வருவது தாம் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலைகள்தாம்.

இரண்டாவது வழி, அதாவது தீர்வை யோசித்து எழுத்தில் வைத்து ஒப்புதல் கேட்பது, வேலையில் சேர்ந்த முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கு மற்ற மூன்றையும்விடப் பயனுள்ளது என்பது என் தீர்ப்பு. இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பலர் இதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு வெறும் புகாரைத்தான் எழுதுகிறார்கள். “பம்பு அடிக்கடி பழுதாகிறது, புதிய பம்பு வாங்கினால் நல்லது” என்பது யோசனைபோலத் தோன்றினாலும், அதைப் படிக்கும் இன்சார்ஜ் எவ்வளவு செலவு, எப்போது மாற்றுவது, யார் மாற்றுவது, உற்பத்தி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று எல்லாவற்றையும் தாமே விசாரிக்க வேண்டும். நல்ல குறிப்பு அவருக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ எழுதும் வேலையை மட்டும் மிச்சம் வைக்கும். இதுவரை எந்தெந்தத் தேதிகளில் ஒழுகியது, ஸ்லீவ் தேய்வுதான் காரணம் என்று ஏன் சந்தேகிக்கிறோம், ஸ்டோரில் ஸ்லீவ் உள்ளதா அல்லது பர்சேஸுக்குப் போக வேண்டுமா, ஸ்டாண்ட்பை ஓடும்போது எந்த ஷிப்டில் மாற்றலாம், சந்தேகம் தவறாக இருந்தால் எவ்வளவு நேரமும் பணமும் வீணாகும், ஒன்றும் செய்யாமல் விட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பவை அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். இவற்றுள் கடைசிக்கு முந்தையதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தாம் சொல்வது தவறாகவும் இருக்கலாம் என்பதைக் கணக்கோடு எழுதுபவரின் குறிப்பில்தான் மேலாளர்கள் நம்பிக்கையோடு கையெழுத்திடுகிறார்கள்.

குறிப்பை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. அதே பம்பை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் மூத்த ஃபிட்டர் ஒருவர் கட்டாயம் இருப்பார். டிப்ளமோ படித்துவிட்டு வந்த பையன் அவரைத் தாண்டி நேராக “சாரிடம்” போய் நின்றால், யோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை நடைமுறைப்படுத்தும் நாளில் ஒத்துழைப்பு இருக்காது. “அண்ணே, இந்த ஸ்லீவைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?” என்று தொடங்கும் ஐந்து நிமிடப் பேச்சு, லாக் புக்கில் இல்லாத விவரங்களைக் கொடுக்கும், முன்பு ஒருமுறை மாற்றிப் பார்த்து ஏன் பலிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்துவிடலாம். குறிப்பில் அவர் பெயரையும் சேர்த்து எழுதினால் நம் பெயர் சிறுத்துப்போகாது.

யோசனை நம்முடையது, பெயர் இன்சார்ஜுக்கு என்ற மனத்தாங்கல் இந்த வழியில் போகிறவர்களுக்கு அடிக்கடி வரும். அது பொய்யான மனத்தாங்கல் இல்லை. ஆனால் முதல் ஓரிரு முறை இன்சார்ஜ் நம் யோசனையைத் தம்முடையதுபோல மேலே சொன்னால், அடுத்த சிக்கலுக்கு அவர் நம்மைத்தான் தேடி வருவார் என்பதும் உண்மை. தேவைப்படும் ஆளாக ஆவதற்கு அது மலிவான விலை. அதே கதை பல முறை நடந்தால், குறிப்பை மின்னஞ்சலில் அனுப்பி, அந்த வேலையோடு தொடர்புடைய இன்னொரு பிரிவுக்கும் ஒரு பிரதி போட்டுவிடுவது போதும். சண்டை தேவையில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவது வசதிதான் என்றாலும், போன் மாறியதும் காணாமல்போகும் பதிவுக்கு அப்ரைசல் நேரத்தில் மதிப்பு இருக்காது.

மூன்றாவது வழியான செய்துவிட்டு உடனே சொல்வதற்கு இரண்டு கேள்விகளே அளவுகோல். செய்ததைத் திருப்ப முடியுமா? தவறாகப் போனால் அதன் விலையை யார் தருவார்கள்? ஸ்டாண்ட்பை பம்புக்கு மாற்றியதை அடுத்த நிமிடமே திருப்பலாம். வாடிக்கையாளருக்குப் போன சரக்கையோ, கலந்துவிட்ட ரசாயனத்தையோ, வங்கிக்குப் போன பணத்தையோ திருப்ப முடியாது. வேலையை நிறுத்துவது பெரும்பாலும் திருப்பக்கூடிய செயல். அதனால்தான் நிறுத்தும் அதிகாரத்தைக் கீழ்நிலை ஊழியருக்கும் கொடுப்பது பல இடங்களில் வழக்கமானது. டொயோட்டா ஆலைகளில் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை வரவழைக்கலாம், குறித்த நேரத்துக்குள் கோளாறு சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும் என்பது ஊரறிந்த செய்தி. நம் நாட்டில் போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல் அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-எச் பிரிவு, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் கொள்ளும் தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்துக்கும் அதே நேரத்தில் ஆய்வாளரின் கவனத்துக்கும் கொண்டுபோகும் உரிமையை எழுத்தில் கொடுத்தது. ரசாயன ஆலைகள் நெருங்கி நிற்கும் கடலூர் போன்ற ஊரில் அந்த உரிமையை அறிந்துவைத்திருப்பது படிப்பறிவுக்காக மட்டும் அன்று.

பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் மூன்றாவது வழி ஒழுங்காக நடக்க வேண்டுமானால் ஒரு தொகையை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ரிட்ஸ்-கார்ல்டன் விடுதிகளில் ஊழியர் ஒருவர் விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலாளரைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவிடலாம் என்ற விதி உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. அந்தத் தொகை நம் ஊருக்குப் பொருந்தாது; அந்த முறை பொருந்தும். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் நிரம்பும் புதுச்சேரி விடுதி ஒன்றில், இரவு பதினொரு மணிக்கு ஏ.சி. ஓடவில்லை என்று குடும்பத்தோடு கீழே வந்து நிற்பவரிடம், “மேனேஜர் காலையில்தான் வருவார்” என்று சொல்வதைவிட மோசமான பதில் இல்லை. வேறு அறை கொடுக்கலாமா, காலை உணவுக்குக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லலாமா, எந்தத் தொகை வரை சொல்லலாம் என்பதை ஓர் அமைதியான செவ்வாய்க்கிழமையில் மேனேஜரிடம் கேட்டு வைத்துக்கொண்ட ஊழியர், அந்த இரவில் தாமாக முடிவெடுக்கிறார். காலையில் ஒரு வரியில் தெரிவிக்கிறார். துணிச்சல் என்று வெளியே தெரிவது, உண்மையில் முன்கூட்டி வாங்கிய அனுமதி.

இரண்டாவது வழியிலிருந்து மூன்றாவதற்குப் போகும் பாதையும் இதுதான். ஒரே வகைச் சிக்கலுக்கு இரண்டு மூன்று முறை ஒப்புதல் வாங்கிய பிறகு, “இனி இது நடந்தால் நானே செய்துவிட்டுச் சொல்லட்டுமா, சார்?” என்று கேட்க வேண்டும். வேலையைச் சரியாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதிகாரம் தானாக வந்து சேரும் என்று நினைக்கிறார்கள். மேலாளர்கள் இப்படிப்பட்ட கேள்விக்கு மறுப்புச் சொல்வது அரிது, ஏனெனில் அது அவர்களுடைய சுமையைத்தான் குறைக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக வாங்கிய அனுமதிகள் சேர்ந்தால், பதவிப் பெயர் மாறுவதற்கு முன்பே மேல்நிலை வேலையின் பாதியைச் செய்துகொண்டிருப்போம்.

நான்காவது வழியைப் பற்றி எச்சரிக்க, ஆன்கென் கட்டுரை வெளிவந்த அதே 1974-இல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் நடந்ததைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. நைலான் தயாரிப்புக்கான கேப்ரோலாக்டம் செய்யும் ஆலையில் வரிசையாக இருந்த ஆறு ரியாக்டர்களில் (ரசாயன வினை நடக்கும் கலன்களில்) ஐந்தாவதில் விரிசல் கண்டு அதைக் கழற்றினார்கள். உற்பத்தி நிற்கக்கூடாது என்பதற்காக நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலத் தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் வரைந்ததே அதற்கான வரைபடம். அழுத்தத்தில் அந்தக் குழாயும் நெளிந்துகொடுக்கும் இணைப்பான பெல்லோஸும் தாங்குமா என்று முறையான கணக்குப் போடவில்லை. அப்படிக் கணக்குக் கேட்டிருக்க வேண்டிய ஒர்க்ஸ் இன்ஜினியர் பதவி அப்போது காலியாக இருந்தது. இணைப்பு இரண்டு மாதங்கள் ஓடியது. ஜூன் 1 சனிக்கிழமை மாலை அது பிய்ந்து, வெளியேறிய சைக்ளோஹெக்சேன் ஆவி வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். அந்தக் குழாயைப் பொருத்தியவர்கள் சோம்பேறிகளோ திருட்டுத்தனமாகச் செய்தவர்களோ அல்லர். நிர்வாகத்துக்குத் தெரிந்தே, உற்பத்தியை மீட்கும் ஆர்வத்தோடு, சொந்த முயற்சியில் சிக்கலைத் தீர்த்தவர்கள்தாம். சிறிய மாற்றமாக இருந்தாலும் இன்னொரு தகுதியான கண் அதைச் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை, இன்று ரசாயன ஆலைகளில் எம்.ஓ.சி. (மாற்ற மேலாண்மை) படிவமாக நம் ஆபரேட்டர்களைச் சலிப்படையச் செய்வதற்கு அந்த விபத்து ஒரு முக்கியமான காரணம்.

அப்படியானால் நான்காவது வழி எங்குமே பொருந்தாதா என்றால், யாரையும் கேட்க முடியாத நேரங்கள் நம் கடற்கரைக்குப் புதியவை அல்ல. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய இரவில் ஷிப்டில் மாட்டிக்கொண்டவர் ஒப்புதலுக்குக் காத்திருக்க முடியாது. ஆயினும் அங்கேயும் நன்றாகச் செயல்பட முடிபவர், அக்டோபருக்கு முன்பே டீசல் எவ்வளவு இருக்க வேண்டும், எந்த வால்வை முதலில் மூட வேண்டும், குளிர்பதன அறையில் உள்ள சரக்கை எத்தனை மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதி ஒப்புதல் வாங்கி வைத்தவர்தான். புயல் இரவில் அவர் தனியாகச் செய்வது, வெயில் காலத்தில் எழுதிய இரண்டாவது வழியின் பலன். மற்றபடி, மூன்றாவது வழியில் பலமுறை நம்பிக்கை பெற்ற வேலைகளுக்கும், தவறினால் தம் நேரம் மட்டுமே வீணாகும் சிறு வேலைகளுக்கும் இந்த வழி போதும். ஸ்டோர் பட்டியலை ஒழுங்குபடுத்த யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

வேலை செய்யும் இடத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளின் சிறு யூனிட்டுகளில் முதலாளியே தளத்தில் நிற்பார். அங்கே அரைப் பக்கக் குறிப்பு எழுதினால் சிரிப்பார்கள். வாய்ப்பேச்சிலேயே இரண்டாவது வழி முடிந்து, மூன்றாவது வழி விரைவில் கைக்கு வரும். ஆனால் ஏறுவதற்கு அங்கே படிகள் குறைவு; சம்பளமும் நம்பிக்கையும் உயரும், பதவி அவ்வளவாக உயராது. அரசு அலுவலகத்தில் நேர்மாறு. மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964, மேலதிகாரியின் உத்தரவு இயன்றவரை எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், வாய்மொழி உத்தரவு பெற்ற ஊழியர் கூடிய விரைவில் அதை எழுத்தில் உறுதிப்படுத்தக் கேட்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இந்த ஏற்பாட்டில் செய்துவிட்டுச் சொல்பவர் விசாரணைக்குத்தான் வழி வகுத்துக்கொள்வார். அங்கே முன்முயற்சி என்பது கோப்பில் நல்ல குறிப்பு எழுதுவது: விதி எது, முன் நிகழ்வு எது, வாய்ப்புகள் என்ன, எது உகந்தது என்று எழுதி, கையெழுத்துக்கான வரைவையும் இணைத்து மேலே அனுப்பும் பிரிவு எழுத்தரின் பெயர் செயலர் வரை தெரிந்திருக்கும்.

காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு இந்த ஒப்பீட்டை அப்படியே நீட்டுவது நேர்மையாகாது. ஆலைக்காக அவர் யோசிக்கும் நல்ல வழியின் பலன் ஆலைக்குப் போகிறது, பெயர் ஒப்பந்ததாரருக்குப் போகிறது, தவறினால் கேட்டில் நிறுத்தப்படுபவர் அவராக இருக்கிறார். ஆபத்தைச் சொல்வதில் அவர் தயங்கக்கூடாது. மற்றவற்றில், நிரந்தரப் பணிக்கு எடுக்கும் வழக்கம் அந்த ஆலையில் உண்மையாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உழைப்பைக் கூட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

நிரந்தர ஊழியரும் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். தம் பிரிவில் கடைசியாகப் பதவி உயர்வு பெற்ற மூன்று பேர் எதனால் பெற்றார்கள் என்று விசாரித்தால், அந்த நிறுவனம் எந்த வழிக்குக் கூலி கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும். உறவும் சீனியாரிட்டியும் மட்டுமே காரணங்களாக இருந்தால், இரண்டு அப்ரைசல் வரை பொறுத்துப் பார்க்கலாம்; அதற்குமேல் அங்கே முன்முயற்சி எடுப்பது அடுத்த வேலைக்கான பயிற்சி மட்டுமே. அதற்கும் பயன் உண்டு. தேதியிட்ட குறிப்புகளில் நிறுவனத்தின் ரகசியம் எதையும் வெளியே கொண்டுபோகாமல், சிக்கல் என்ன, நாம் முன்மொழிந்தது என்ன, யார் ஒப்புதல் கொடுத்தார், பிறகு எவ்வளவு நேரமோ பணமோ மிச்சமானது என்று நான்கு வரி வீதம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர், நேர்காணலில் “நீங்களாகத் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்” என்ற கேள்வி வரும்போது சிந்திக்க வேண்டியதில்லை. அந்த நான்கு வரிகளில் ஒப்புதல் கொடுத்தவரைப் பற்றிய வரியைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; எதிரே அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அனுபவசாலியாக இருந்தால், அவர் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.